இரண்டு பக்கமும் நிற்கும் சாமி

போன வருஷக் கடைசியில், மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் ஆட்டத்தில் ஒரு சண்டை பாதியிலேயே நின்றுபோனது.

இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட், அத்தை வீட்டுப் பின்கட்டு. நாங்கள் ஐந்து பேர். தோட்டத்துக் கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்தபின் டவுனுக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். சனிக்கிழமையானால் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். முடிவு தெரியாத இடம் வந்தால் இருபது முகம் உள்ள டைஸை உருட்டுவார்கள். கதை சொல்கிறவன் நான். டைஸ் பலகை இடுக்கில் விழுந்துவிடக் கூடாதென்று, விளிம்பில் பூச்சு உதிர்ந்த பழைய மங்குத் தட்டு ஒன்றில் உருட்டுவோம். விழும்போது கணீரென்று கேட்கும்.

அன்றைக்குக் கதையில் ஒரு பாலம். இந்தக் கரையில் எங்கள் ஆட்கள், அந்தக் கரையில் எதிரிப் படை. எங்களில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் போர்ச்சாமியின் பூசாரியாக ஆடுகிறான். சாமியின் பெயர் டெம்பஸ். அவன் வாளை மண்ணில் ஊன்றி, "டெம்பஸ், இன்னிக்கு ஜெயத்த எங்களுக்குக் குடு" என்று வேண்டிக்கொண்டு டைஸைக் கையில் எடுத்தான். அதே நேரத்தில் அக்கரையில் எதிரித் தலைவனும் மண்டியிட்டு, வாளை மண்ணில் ஊன்றி, அதே பெயரைச் சொன்னதாக நான் சொன்னேன்.

தம்பி டைஸைத் தட்டில் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டான்.

"என்னண்ணே இது, அவனுக்கும் இவருதான் சாமியா? அப்ப இவரு யாரு பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"அப்புறம் எதுக்குண்ணே சாமி?"

அவனுக்கு நியாயமான பதில் சொல்ல எனக்குப் பல வாரம் ஆயிற்று. இந்த உலகத்தை ஆடத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் டெம்பஸிடம் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாமி எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடலாம். விளையாட்டு 1974ல் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. டெம்பஸ் வாழும் உலகத்துக்கு 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்று பெயர். கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறு வயதிலிருந்தே மனதில் கட்டி வளர்த்த உலகம் அது. 1987ல், விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் அதைப் பெட்டித் தொகுப்பாக வெளியிட்டது. அந்த உலகத்தில் சாமிகள் ஏராளம். நீதிக்கு டிர், கொடுங்கோன்மைக்கு பேன், அமைதிக்கு எல்டாத் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர். போருக்கு டெம்பஸ். இரத்தச் சிவப்புக் கேடயத்தில் தீப்பற்றி எரியும் வெள்ளி வாள் அவர் சின்னம்.

உருவமும் சும்மா வரைந்ததல்ல. பன்னிரண்டு அடி உயர ஆள். அடிபட்டு நெளிந்து இரத்தம் படிந்த கவசம். முகம் தெரியாதபடி பெரிய தலைக்கவசம். வாயைத் திறந்து பேசமாட்டார். செத்துப்போன வீரர்களின் உருவங்களைக் காட்டி அவற்றின் வழியே உணர்த்துவார். குதிரை இரண்டு வைத்திருக்கிறார். வெய்ரோஸ் என்ற வெள்ளைப் பெண்குதிரைமேல் வந்தால் அன்று அந்தப் படைக்கு ஜெயம். டெய்ரோஸ் என்ற கறுப்பு ஆண்குதிரைமேல் வந்தால் தோல்வி. ஆனால் பெரும்பாலும் அவர் வருவது, ஒரு கால் வெள்ளைக் குதிரையிலும் இன்னொரு கால் கறுப்புக் குதிரையிலும் ஊன்றி, நின்றபடி. இந்த ஒரு படத்தை மனதில் பிடித்துக்கொண்டால் டெம்பஸைப் பற்றிப் பாதி புரிந்துவிடும்.

நமக்கு ஏன் அது சட்டென்று புரிவதில்லை? நாம் கும்பிட்டு வளர்ந்த ஆயுதம் ஏந்திய சாமிகள் வேறு மாதிரி. தோட்டத்துக்குள் மாரியம்மன் இருப்பாள். எல்லையில் முனீஸ்வரனும் மதுரை வீரனும் நிற்பார்கள். முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் படைப்போம். அரிவாளோடு அவர் நிற்பது நமக்காக. இரவு கித்தாக் காட்டு வழியாக நடந்து வருகிறவனுக்குப் பின்னால் அவர் வருவார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவர் காவல் தெய்வம். காவல் என்றால் உள்ளே, வெளியே என்று ஒரு கோடு உண்டு. அவர் உள்ளே இருப்பவர்களின் ஆள். அதற்கு மேலே போனால் முருகன். தேவர் படைக்குத் தளபதி. எதிரி யார் என்பது தெரியும், போர் எப்படி முடியும் என்பதும் தெரியும். அந்தச் சூரனே மயிலாகவும் சேவலாகவும் மாறி அவரிடம் வந்து சேர்ந்துவிடுகிறான். இன்னும் பழமைக்குப் போனால் கொற்றவை. கொற்றம் என்ற சொல்லுக்கே வெற்றி என்றுதான் பொருள். ஆகவே போர்த்தெய்வம் என்று கேட்டவுடன் நம் மனது வெற்றித்தெய்வம் என்றோ காவல் தெய்வம் என்றோ எடுத்துக்கொள்கிறது. டெம்பஸ் இரண்டுமே இல்லை. அவருக்கு எல்லைக்கோடு கிடையாது. வேல் கொடுத்து அனுப்பும் தாயும் கிடையாது.

இந்த விளையாட்டின் மற்ற உலகங்களோடு வைத்துப் பார்த்தாலும் டெம்பஸ் தனி ஆள்தான். 'கிரேஹாக்' என்ற பழைய உலகத்தில் போரை இரண்டாகப் பிரித்து இரண்டு சகோதரர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஹெய்ரோனியஸ் வீரத்துக்கும் தர்மத்துக்கும், ஹெக்ஸ்டர் போருக்கும் கலகத்துக்கும். தாய் ஒருத்தி, தந்தை வேறு. ஒருவரையொருவர் ஜென்மப் பகையாக வெறுப்பவர்கள். நல்ல சண்டைக்கு ஒருவர், கெட்ட சண்டைக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால் ஆடுவது சுலபம். தம்பியின் கேள்வியே எழாது. ரெல்ம்ஸ் அந்தச் சுலபத்தை நமக்குத் தரவில்லை. ஒரே சாமி, எல்லாச் சண்டைக்கும். எனக்கு இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. சண்டை போடுகிற எந்தப் படையாவது தன் சண்டையைக் கெட்ட சண்டை என்று சொன்னதுண்டா?

டெம்பஸ் பிறந்த கதையும் இதோடு ஒட்டியதுதான். நிலவுத் தேவி செலூனேயும் இருளின் தேவி ஷாரும் ஆதியில் மோதிக்கொண்டபோது போர்ச்சாமிகள் பலர் தோன்றினார்கள் என்பது அந்த உலகத்துப் புராணம். அவர்கள் ஓயாமல் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். வென்றவர் தோற்றவரின் சக்தியை விழுங்கிவிடுவார். கடைசியில் டெம்பஸ் மட்டும் மிஞ்சினார். ஆனால் ஒருவரை மட்டும் அவர் விழுங்கவில்லை. பெயர் கராகோஸ். வாள் முனையில் முடியும் ஐந்து கறுப்புக் கைகள் சக்கரம்போல் சுழல்வது அவன் சின்னம். எதற்கென்று கேட்காமல் வெட்டிக்கொண்டே போகும் வெறி அது. டெம்பஸ் அவனைத் தோற்கடித்து, சிறு தெய்வமாகக் குறுக்கி, உயிரோடு விட்டுவிட்டார். நான் இதை இப்படி வாசிக்கிறேன்: கராகோஸ் முழுதாக அழிந்துவிட்டால், வெறி போருக்கு வெளியே இருக்கும் ஏதோ ஒன்று என்று ஆகிவிடும். அவன் ஒரு மூலையில் உயிரோடு இருப்பதால்தான் டெம்பஸின் பக்தன் ஒவ்வொருவனும் வாளை உருவும்போது அவனை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தோற்றவனை முடித்துவிடாமல் விடுவது நமக்கும் பழக்கமான கதைதானே. சூரன் மயிலானான், இங்கே பழைய போர்ச்சாமி நிழலானான்.

1996ல் அந்த உலகத்துத் தெய்வங்களுக்கென்றே ஒரு விரிவான நூல் வந்தது. டெம்பஸின் பூசாரிகளுக்கான நெறி அதில் இருக்கிறது. சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். போர் எல்லாரையும் சமமாக நசுக்கும், எல்லாருக்கும் சமமாகக் கைகொடுக்கும். அந்த அளவில் அது நேர்மையானது. டெம்பஸ் போரை வென்று தருவதில்லை, தகுதியுள்ளவன் வெல்வதற்குத் துணை நிற்கிறார். போர் தேவைப்படுகிறவன் எவனோ அவனுக்கு ஆயுதம் கொடு, எதிரியாக இருந்தாலும் சரி. வெல்லவே முடியாத சண்டையிலிருந்து பின்வாங்கலாம், ஆனால் சண்டைக்குப் பயந்து ஒளியாதே. இழுத்தடிக்காதே, சீக்கிரம் முடி. எந்த எதிரியையும் இளக்காரம் பண்ணாதே. வயது, ஆண் பெண், இனம் எதுவும் பார்க்காமல் வீரம் எல்லாரிடமும் எரியும். எதிரி ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவன் வீட்டையும் குடும்பத்தையும் ஆடுமாடுகளையும் அழிப்பது கோழைத்தனம். வாள் எடுக்குமுன் அதனால் என்னென்ன விளையும் என்று யோசி.

இந்த ஆடுமாடு விஷயத்தைப் படித்தபோது எனக்குப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டுதான் ஞாபகம் வந்தது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு விடுவதற்கு முன், பசுக்கள், பசுவைப் போன்ற இயல்புள்ள பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லாரும் உங்கள் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டுப் போருக்குப் போகிறவன் அவன். டெம்பஸின் நெறிக்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. அறப்போர் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறோம். தும்பைத் திணை என்று ஒன்றை வகுத்து, ஆநிரை கவர்வதற்கோ நாடு பிடிப்பதற்கோ இல்லாமல் வலிமையைக் காட்டுவதற்கென்றே நேருக்கு நேர் நிற்கும் போரைத் தனியாக வைத்தது நம் இலக்கணம். தும்பைப் பூவை இரண்டு படையும் சூடும். டெம்பஸ் தமிழகத்துக்கு வந்தால் தும்பை சூடிக்கொண்டுதான் வருவார் என்று தோன்றுகிறது.

ஆனால் தம்பியின் கேள்விக்கு மிகக் கிட்டப் போகிற பாட்டு நாற்பத்தைந்தாவது. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்கிறான். வெளியே முற்றுகை போட்டிருப்பவன் நலங்கிள்ளி. இருவருமே சோழர்கள். நடுவில் வந்து நிற்கிறார் கோவூர்கிழார். உன் எதிரில் நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் அல்ல, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் அல்ல. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் வெல்வது இயற்கையிலேயே இல்லை என்கிறார். பாலத்தின் இரு கரையிலும் ஒரே சின்னம் பொறித்த வாளை ஊன்றி இரண்டு பேர் மண்டியிட்டார்களே, அது இந்தப் பாட்டில் வரும் ஆத்திமாலைதான். கோவூர்கிழார் அதைப் பார்த்துவிட்டுப் போரை நிறுத்து என்கிறார். டெம்பஸ் நிறுத்து என்று சொல்வதில்லை. எதிரில் நிற்பவனும் என் ஆள்தான், அவனை மனுஷனாகப் பார்த்துச் சண்டை போடு என்கிறார். எனக்குக் கோவூர்கிழார்தான் மேல். ஆனால் கோவூர்கிழார் வந்து சேராத ஊர்கள்தான் உலகத்தில் அதிகம். அங்கே டெம்பஸின் அளவு நெறியாவது இருந்தால் பெரிய விஷயம்.

இந்த இடத்தில் எல்டாத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாடும் நீர்களின் தேவி. அமைதியான குளத்தில் விழும் அருவி அவள் சின்னம். நீரோரத் தோப்புகள்தான் அவள் கோயில். அவளுடைய பூசாரிகள் ஆயுதத்தால் தாக்க விரும்பாதவர்கள். டெம்பஸுக்கு நேர் எதிரான தெய்வம் என்று ஒருவரைச் சொன்னால் அது இவள்தான். ஆனால் டெம்பஸ் அவளைத் தொடமாட்டார். அவளைக் கள்ளமறியாதவள் என்று நினைக்கிறார்; அதோடு, தன் பக்தர்களில் யாராவது அவள் பூசாரிகளையோ கோயில்களையோ சேதப்படுத்தினால் அவனைத் தண்டிக்கிறார். காரணம்: அமைதி என்று ஒன்று இல்லாவிட்டால் போருக்கு அர்த்தமே இல்லை. இந்தச் சாமியைப் படைத்தவர்கள் எழுதியதிலேயே ஆழமான வரி இதுதான் என்பேன். எங்கள் கதையில் ஆற்றோரத்தில் எல்டாத்துக்கு ஒரு சின்னக் கோயில் வைத்திருக்கிறேன். நான்கு மரமும் ஒரு கல் தொட்டியும்தான். மூன்று படைகள் அந்த வழியாகப் போயின. மூன்றும் தொட்டியில் தண்ணீர் குடித்தன. ஒன்றும் மரத்தை வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்த உலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும்.

சிவப்பு வீராங்கனை என்று ஒரு துணைத்தெய்வமும் டெம்பஸிடம் உண்டு. போர்த்திட்டம் அவள் பொறுப்பு. கண்களில் நட்சத்திரம் பதித்த சிவப்புச் சதுரங்கக் குதிரை அவள் சின்னம். சிலர் அவளை டெம்பஸின் மகள் என்பார்கள். கணக்குப் போட்டு ஆட விரும்புகிறவர்கள் இவளைத் தேர்ந்தெடுத்தால் போதும். டெம்பஸ் அவர்களுக்கு ஒத்துவரமாட்டார்.

இனி விதிப் பக்கம். ஒவ்வொரு சாமியும் என்ன குணம் என்பதை விதிநூல் ஒரு வகையாகக் குறிக்கும். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் டெம்பஸ் நடுநிலைச் சாமி. அதற்கு முன்பு பல காலம் அவரைத் தறிகெட்ட நடுநிலை என்றுதான் குறித்தார்கள். பழையதே சரி என்பது என் கட்சி. நடுநிலை என்றால் ஒதுங்கி நிற்பவர்போல் ஒலிக்கிறது. இவர் ஒதுங்கி நிற்பவரல்ல, இரண்டு குதிரையிலும் கால் வைத்து நடுக்களத்தில் நிற்பவர். போர்த்துறைப் பூசாரிக்கு அந்தப் பதிப்பில் கனமான கவசமும் போர் ஆயுதங்களும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடும். இரண்டாம் படியில் (லெவல்), தன் தாக்குதலுக்கு டைஸில் 10 கூட்டிக்கொள்ளும் வரம் வரும். ஆறாம் படியில் வருவதுதான் நான் சொல்ல வந்தது. முப்பது அடிக்குள் இன்னொருவர் தாக்கும்போது அவருக்கு அந்த 10ஐக் கொடுக்கலாம். விதியைக் கவனமாகப் படியுங்கள். அங்கே உன் கூட்டாளிக்கு என்று போடவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எழுதியவர்கள் எதை நினைத்து அப்படி விட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும், எதிரிக்கும் ஆயுதம் கொடு என்று சொன்ன சாமியின் பூசாரி கையில் அந்தச் சொல் கனமானது.

எங்கள் மேசையில் அது ஒருமுறை நடந்தது. கிளினிக்கில் நர்சாக இருக்கும் எங்கள் தங்கை ஒருத்தி, பாலத்துச் சண்டைக்கு ரெண்டு மாதம் கழித்து, தன் பாத்திரம் செத்துப்போனதால் டெம்பஸின் இளம் பூசாரியாகப் புதிதாக ஒன்றை எடுத்தாள். ஒரு குறுகலான முற்றம். எதிரி ஒருவனின் வாள் உடைந்து, கையில் பிடி மட்டும். வெல்டிங் தம்பியின் முறை, அடித்தால் முடிந்தது. தங்கை கையை நீட்டி அவனை நிறுத்தினாள். இடுப்பில் இருந்த தன் இரண்டாவது வாளை உருவி எதிரியின் காலடியில் எறிவதாகச் சொன்னாள். மேசையில் யாரும் பேசவில்லை. கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். எதிரி அந்த வாளை எடுத்துக்கொண்டு சண்டை போட்டான், நன்றாகவே போட்டான், தம்பியின் பாத்திரத்துக்குத் தோளில் ஆழமான வெட்டு. கடைசியில் எதிரி விழுந்தான். தம்பி தங்கையைத் திட்டுவான் என்று நினைத்தேன். "குடுத்தது சரிதான் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் தாளில் காயத்தைக் குறித்துக்கொண்டான்.

டெம்பஸை வைத்து ஆட்டம் நடத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெற்றி கொடு என்று வேண்டுகிறவனுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். இந்தச் சண்டை போடத் தகுந்ததா, எதிரியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அதற்கு நல்ல பதில் வந்தால், அப்போது குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கட்டும். இன்னொன்று, சண்டை முடிந்ததும் செல்வப் பெட்டியைத் திறக்க ஓடாதீர்கள். டெம்பஸின் ஆட்களுக்குச் சண்டைக்குப் பின்னும் வேலை உண்டு. அந்த உலகத்தில் வாரத்துக்குப் பத்து நாள். பத்து நாளைக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பக்தனும் சில துளி இரத்தம் சிந்தி, வாளின் பாட்டு என்ற பாட்டைப் பாட வேண்டும். விழுந்தவர்களுக்கென்று சூரியன் சாயும் நேரத்தில் தனி வழிபாடு இருக்கிறது. நாம் நடுகல்லுக்குச் செய்தது இதுதானே. கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்துவது என்று ஆறு கட்டம் வைத்து, வீரனின் பெயரையும் செய்கையையும் பொறித்து வைத்தார்கள். அந்தப் போரில் அவன் பக்கம் ஜெயித்ததா என்பது நடுகல்லுக்குக் கணக்கில்லை.

எங்கள் ஊர்க்காரன் போரைப் பற்றி எழுதும்போது ஊரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து தொடங்கிய அவசரகாலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் நடந்த சண்டை, 1960 வரை நீடித்தது. கித்தாக் காட்டுக்குள் ஒரு படை, காட்டைச் சுற்றி ஒரு படை. இரண்டுக்கும் நடுவில் லயம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலத்தை வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று சோதனை போட்டார்கள். எங்கள் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது யார் சரி யார் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவங்களும் வந்தாங்க, இவங்களும் வந்தாங்க" என்பார். இரண்டு குதிரைமேல் கால் வைத்து நிற்கும் சாமியைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குப் பாட்டியின் அந்தக் குரல்தான் கேட்டது.

அதற்கும் முன்னால் ஜப்பான்காரன் காலம். பாட்டியின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1942லும் 1943லும், சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டிச் சுமார் 415 கிலோமீட்டருக்குப் போட்ட தண்டவாளம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத்தோட்டம் இருக்கிறது; புல் வெட்டி, வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படிக் கல் கிடையாது. பாட்டி தன் அண்ணன் பெயரைத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாமி மேடைமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த நடுகல்.

அதனால்தான் தம்பி கேட்ட கேள்விக்கு அன்றைக்கே சுருக்கமாகப் பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் மேசைமேல் இருந்த டைஸை எடுத்து உருட்டினான். தட்டில் கணீரென்று 14 விழுந்தது. பாலத்துச் சண்டை இரவு பதினொன்றரை வரை போனது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள், அவர்கள் பக்கத்தில் தலைவனையும் சேர்த்து ஒன்பது பேர். வழக்கமாக அந்த நேரத்துக்கு எல்லாரும் தே தாரிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவோம். அன்றைக்குத் தம்பி எழவில்லை. பூசாரி என்கிற முறையில் ஆற்றோரம் போய்க் கல் எடுப்பதாகச் சொன்னான். எத்தனை கல் என்று கேட்டேன்.

"பதினொண்ணு."

எழுதிக்கொண்டேன். அவன் பென்சிலை எடுத்து, தன் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, எங்கள் பக்கத்தில் விழுந்த இரண்டு பேரின் பெயரை முதலில் எழுதினான். பிறகு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவங்க ஆளுங்க பேரெல்லாம் என்னண்ணே?"

நான் அந்த ஒன்பது பேருக்கும் பெயர் வைத்திருக்கவில்லை. எதிரி ஒன்று, எதிரி இரண்டு என்றுதான் என் நோட்டில் இருந்தது. மழை விட்டிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் வைக்கத் தொடங்கினோம்.